21 வயது மெக்சிகோ ஸ்ட்ரைக்கர், கையில் நாலு ஆஃபர்: எங்கே போகலாம்?

கேள்வி ஒன்றுதான், ஆளுக்கு ஒரு விதமாகக் கேட்கிறார்கள். கால்பந்து மேனேஜர் கேமில், அதாவது ஒரு கிளப்பை நாமே நடத்துகிற கணினி விளையாட்டில், மெக்சிகோ கிளப் எடுத்து ஆடுகிற நண்பர் ஒருவர், "21 வயசுப் பையன், உள்ளூர் லீகில் அடிச்சுத் தள்ளிட்டான், நாலு இடத்திலிருந்து கூப்பிடறாங்க, எங்கே அனுப்ப?" என்கிறார். இன்னொருவருக்கு மெக்சிகோ ஸ்ட்ரைக்கர் சாந்தியாகோ ஹிமெனெஸ் நெதர்லாந்தின் ஃபெயனூர்டை விட்டு இத்தாலியின் மிலானுக்குப் போனது சரியா தப்பா என்று தூக்கம் வரவில்லை. மூன்றாமவர் நேராக விஷயத்துக்கே வந்துவிட்டார்: சிச்சாரித்தோ என்கிற ஹவியர் ஹெர்னாண்டஸ், மான்செஸ்டர் யுனைடெட் வரை போன மெக்சிகோ ஸ்ட்ரைக்கர், ஜெயித்தவரா தோற்றவரா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.

ஒரே வார்த்தையில் முடியாது. ஆனால் மூன்று பேரும் கேட்பது ஒரே முடிவைப் பற்றித்தான். மெக்சிகோவில் பிறந்து, அங்கே கோல் அடித்துப் பெயர் வாங்கிவிட்ட ஒரு ஸ்ட்ரைக்கருக்கு முன்னால் பொதுவாக நாலு வழி இருக்கிறது. சொந்த லீகிலேயே இருக்கலாம், நேராக ஒரு பெரிய ஐரோப்பிய கிளப்புக்குப் போகலாம், நெதர்லாந்து அல்லது போர்ச்சுகல் மாதிரி ஒரு நடுப்படியில் கால் வைக்கலாம், இல்லை வடக்கே அமெரிக்காவின் லீகான எம்.எல்.எஸ்.ஸுக்குப் போகலாம். நாலு வழியிலும் போனவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும்.

பெயர் விஷயம் ஒன்று. கீழே வரப்போகிற இன்னொரு மெக்சிகோ ஸ்ட்ரைக்கர் ராவுல் ஹிமெனெஸுக்கும் சாந்தியாகோ ஹிமெனெஸுக்கும் உறவு எதுவும் கிடையாது. ஸ்பானிய எழுத்தில் ஒருவருக்கு முதலெழுத்து ஜே, இன்னொருவருக்கு ஜி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. அதனால் முன்னவரை ராவுல் என்கிறேன், பின்னவரை சாந்தி என்கிறேன். அங்கேயும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், நமக்குத்தான் பக்கத்து வீட்டு அக்கா ஞாபகம் வரும்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் நிமிடங்கள். ஸ்ட்ரைக்கர் என்பவன் ஆடினால்தான் ஸ்ட்ரைக்கர். டிஃபென்டரையாவது மூன்று இடங்களில் மாற்றி மாற்றிப் போடலாம், ஒன்பதாம் நம்பருக்கு, அதாவது ஸ்ட்ரைக்கருக்கு, இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு இடம்.

இரண்டாவது பணம். சம்பளம் மட்டும் இல்லை, அது எத்தனை வருஷத்துக்கு உறுதி என்பதும் சேர்த்து.

மூன்றாவது, அங்கிருந்து அடுத்து எங்கே போக முடியும். நாலாவது, தேசிய அணி. மெக்சிகோவில் இது சும்மா ஒரு கூடுதல் தகுதி இல்லை, ஒரு ஆட்டக்காரரை ஜனங்கள் ஞாபகம் வைத்திருப்பதே பச்சைச் சட்டையில் அவர் அடித்த கோல்களை வைத்துத்தான். ஐந்தாவது உடம்பும் மனசும்: மொழி, குளிர், தனிமை, காயம்.

இந்த ஐந்துக்கும் மேலே நான் வைக்கிற கேள்வி ஒன்று உண்டு, ஏஜென்ட்டுகள் இதைச் சொல்ல மாட்டார்கள். போகிற கிளப்பில் அந்த இடத்தில் ஏற்கெனவே நிற்பவர் யார், அவருக்கு என்ன வயது? கிளப்பின் பெயரைவிட, லீகின் பெயரைவிட இதுதான் கணக்கை மாற்றுகிறது. கீழே ஒவ்வொரு வழியிலும் பாருங்கள், திரும்பத் திரும்ப இங்கேயேதான் வந்து நிற்கும்.

## வழி 1: வீட்டிலேயே இருப்பது

மெக்சிகோ லீக் ஏழை லீக் இல்லை. இதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். அர்ஜென்டினா, பிரேசில் பையன்கள் ஐரோப்பாவிலிருந்து யார் கூப்பிட்டாலும் பெட்டியைக் கட்டுகிறார்கள் என்றால், ஊரில் கிடைப்பதைவிட அங்கே நிறையக் கிடைக்கிறது என்பது ஒரு காரணம். மெக்சிகோ பையனுக்கு அப்படி இல்லை. அமெரிக்கா, மான்டெரே, டிக்ரெஸ் மாதிரி கிளப்புகள் தரும் சம்பளத்தைப் பல நடுத்தர ஐரோப்பிய கிளப்புகளால் தர முடியாது. (அமெரிக்கா என்பது கிளப்பின் பெயர், மெக்சிகோ நகரத்தில் இருக்கிறது. இந்தக் குழப்பத்துக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.) கிளப்புக்கும் விற்க அவசரம் கிடையாது. 2020-ல் லீகில் தரம் இறக்கத்தை நிறுத்திவைத்தார்கள், அதற்குப் பிறகு கடைசி இடத்தில் முடித்தவர்களும் இரண்டாம் பிரிவுக்குப் போகவில்லை. அதனால் ஐரோப்பாவிலிருந்து யாராவது விலை கேட்டால் ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டிலிருந்தே நன்றாக வாழ்ந்தவர்கள் உண்டு. ஹென்றி மார்ட்டின் யுகட்டானின் மெரிடாவைச் சேர்ந்தவர், டிஹுவானாவில் ஆடிவிட்டு 2018-ல் அமெரிக்கா கிளப்புக்கு வந்தார், 2023 கிளவுசுரா குறுந்தொடரில் 14 கோலோடு லீகின் முதலிடம், பிறகு அந்த கிளப் தொடர்ந்து வென்ற மூன்று பட்டங்களிலும் இருந்தார், 2022 உலகக் கோப்பையில் சவுதிக்கு எதிராக ஒரு கோல். ஐரோப்பாவில் ஒரு நாள்கூட ஆடியதில்லை. ஓரிபே பெரால்தாவும் அப்படியே. 2012 ஒலிம்பிக் இறுதியாட்டம், வெம்ப்ளி, எதிரே நெய்மார் இருக்கிற பிரேசில், ஆட்டம் தொடங்கி அரை நிமிடம் முடிவதற்குள் முதல் கோல், அப்புறம் இன்னொன்று, தங்கப் பதக்கம். உலகத்தில் எத்தனை ஐரோப்பிய ஸ்ட்ரைக்கர்களிடம் இப்படி ஒரு நாள் இருக்கிறது?

ஹாரெட் போர்கெத்தி இதில் ஒரு தனிப் பாடம். டொரியோனில் சாந்தோஸ் லகுனாவுக்காக வருஷக்கணக்கில் தலையால் முட்டியே கோல் அடித்தவர், "பாலைவன நரி" என்று பட்டப்பெயர், தேசிய அணிக்கு 89 ஆட்டத்தில் 46 கோல். இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஆடிய முதல் மெக்சிகோக்காரர் அவர்தான். ஆனால் எப்போது போனார்? 2005-ல், போல்டனுக்கு, 32 வயதில். லீகில் 2 கோல், ஒரு சீசன், முடிந்தது. வீட்டிலேயே இருப்பது தப்பில்லை, வீட்டில் இருந்துவிட்டு 32-ல் கிளம்புவதுதான் தப்பு.

மறைந்திருக்கும் செலவு. வெளியிலிருந்து பார்த்தால் "சொந்த லீக், இடம் நிச்சயம்" என்று தோன்றும். இல்லவே இல்லை. ஒரே நேரத்தில் களத்தில் ஏழு வெளிநாட்டவர் வரை இறக்கலாம் என்பது விதி, அந்த ஏழில் ஒன்பதாம் நம்பர் கிட்டத்தட்ட எப்போதும் ஒரு இடத்தைப் பிடித்துவிடும். டிக்ரெஸில் ஆந்த்ரே-பியெர் ஜின்யாக் 2015-ல் வந்து பத்து வருஷம் அந்த இடத்தை விடவில்லை. மான்டெரேயில் அர்ஜென்டினாக்காரர் ரொஹேலியோ ஃபூனெஸ் மோரி கிளப்பின் சாதனைக் கோல்காரராகி, மெக்சிகோ குடியுரிமையும் வாங்கி, தேசிய அணியின் இடத்துக்கும் போட்டிக்கு வந்துவிட்டார். உள்ளூர்ப் பையனுக்கு இது இரண்டு பக்கமும் இடி. விதிவிலக்கு சிவாஸ், குவாதலஹாரா. அவர்கள் மெக்சிகோக்காரர்களை மட்டுமே ஆடவைப்பது கொள்கை, அதனால் அங்கே ஸ்ட்ரைக்கர் இடமும் மெக்சிகோக்காரருக்கே. சிச்சாரித்தோ அங்கிருந்து வந்ததை நான் தற்செயல் என்று நினைப்பதில்லை.

இன்னொன்று, ஆட்டங்களின் தரம். வருஷத்துக்கு இரண்டு குறுந்தொடர்கள், அபெர்துரா, கிளவுசுரா, ஒவ்வொன்றிலும் 17 ஆட்டம், பிறகு லிகியா என்கிற நாக் அவுட். பார்க்க அருமை, ஒவ்வொரு ஆறு மாதமும் ஒரு திருவிழா. ஆனால் 17 ஆட்டத்தில் ஆறு ஆட்டம் கோல் வரவில்லை என்றால் கோச் மாற்றிவிடுவார், அல்லது கோச்சையே மாற்றிவிடுவார்கள். 2016-க்குப் பிறகு மெக்சிகோ கிளப்புகள் தென் அமெரிக்க கிளப்புகளின் கோப்பையான கோபா லிபெர்ட்டடோரெஸிலும் ஆடுவதில்லை. பிரேசில், அர்ஜென்டினா டிஃபென்டர்களைச் சொந்த மண்ணில் எதிர்கொள்ளும் வாய்ப்பு போனது, அதைப் பார்க்க வரும் ஐரோப்பிய ஸ்கவுட்டின் கண்ணும் போனது.

யாருக்கு சரி: கிளம்பும் வயது தாண்டிவிட்டவருக்கு, குடும்பப் பொறுப்பு இருப்பவருக்கு, பெரிய கிளப்பில் முதல் பெயராக எழுதப்படுகிறவருக்கு. 21 வயதில் இரண்டாம் பெயராக இருப்பவருக்கு இல்லை.

## வழி 2: நேராகப் பெரிய வீட்டுக்கு

இங்கேதான் கதை ருசியானது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஹவியர் ஹெர்னாண்டஸின் அப்பாவும் ஆட்டக்காரர், 1986 உலகக் கோப்பை அணியில் இருந்தவர், பச்சைக் கண் என்பதால் அவரை "சீச்சாரோ" என்பார்கள், அதாவது பட்டாணி. மகன் குட்டிப் பட்டாணி, சிச்சாரித்தோ. அம்மா வழித் தாத்தா தொமாஸ் பல்காசர் 1954 உலகக் கோப்பையில் பிரான்சுக்கு எதிராக கோல் அடித்தவர். பேரன் 2010 உலகக் கோப்பையில் அதே பிரான்சுக்கு எதிராக கோல் அடித்தான். நமக்கு அது நள்ளிரவு 12 மணி ஆட்டம், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்துவைத்துப் பார்த்தேன், ஆஃப்சைடு பொறியை உடைத்துக்கொண்டு அந்தப் பையன் கோல்கீப்பரைச் சுற்றி ஓடியது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

அதற்கு முன்பே, 2010 ஏப்ரலிலேயே, மான்செஸ்டர் யுனைடெட் அவரை எடுத்துக்கொண்டுவிட்டது. முதல் கோல் சீசன் தொடக்க ஆட்டமான கம்யூனிட்டி ஷீல்டில் செல்சிக்கு எதிராக: காலால் அடித்த பந்து சொந்த முகத்திலேயே பட்டு உள்ளே போனது. சிரித்தவர்கள் சீசன் முடிவில் சிரிக்கவில்லை. எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 20 கோல், லீக் பட்டம், சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனாவுக்கு எதிராக ஆரம்ப பதினொன்றில் இடம். ஒரே வருஷத்தில் இதற்கு மேல் என்ன வேண்டும்?

முன்னால் நின்றது யார் என்று இப்போது பாருங்கள். ரூனி, பெர்பட்டோவ். அதுவே கனம். 2012-ல் கிளப் வான் பெர்சியையும் வாங்கியது. அன்றிலிருந்து குட்டிப் பட்டாணி "வந்தால் கோல் அடிப்பான், அதனால் கடைசி இருபது நிமிடத்துக்கு வைத்துக்கொள்வோம்" என்ற டப்பாவுக்குள் போய்விட்டார். இதை ஒரு பாராட்டாகச் சொல்வார்கள். ஸ்ட்ரைக்கருக்கு அது தண்டனை. மொத்தம் 157 ஆட்டத்தில் 59 கோல், அதில் எத்தனை பெஞ்சிலிருந்து எழுந்து வந்தவை என்று யோசித்தால் அந்த எண்ணிக்கை அசாத்தியம், ஆனால் எழுந்து வருவதே அவர் வேலை என்று எழுதிவிட்டார்கள்.

2014-15-ல் ரியல் மாட்ரிட்டுக்கு லோன், அதாவது இரவல். மறுபடியும் உலகின் மிகப் பெரிய பெயர், மறுபடியும் முன்னால் பென்சமா. சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பென்சமாவுக்குக் காயம் என்பதால் இடம் கிடைத்தது, அத்லெடிகோவுக்கு எதிராக 88-ஆவது நிமிடத்தில் கோல், அரையிறுதி. வருஷ முடிவில் வாங்கிக்கொள்ளவில்லை. அப்புறம் ஜெர்மனியின் லெவர்குசன் போனார், அங்கே ஒன்பதாம் நம்பர் அவருக்குத்தான், முதல் சீசனில் அங்குள்ள லீகான புண்டஸ்லீகாவில் 17, மொத்தமாக 26. அதே ஆள், அதே கால், அதே தலை. மாறியது முன்னால் நின்ற ஆள்தான். லெவர்குசனுக்கு அவர் 27 வயதில் போனார், 22-லேயே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு, யுனைடெட் ரசிகர்கள் என்னைத் திட்டட்டும்.

அதற்காக அவர் தோற்றார் என்று சொல்ல முடியுமா? இரண்டு பிரீமியர் லீக் பட்டம், மெக்சிகோவுக்காக 109 ஆட்டத்தில் 52 கோல், 2017-ல் போர்கெத்தியின் 46-ஐத் தாண்டியது அவர். மூன்று உலகக் கோப்பைகளில் கோல். தோற்றவர் என்பவர்கள் எந்த உலகத்தில் இருக்கிறார்கள் தெரியவில்லை. ஆனால் 24 முதல் 27 வரை, ஒரு ஸ்ட்ரைக்கரின் நல்ல வருஷங்கள், பாதிக்கு மேல் பெஞ்சில் கழிந்தன.

மற்ற இருவரைச் சுருக்கமாக. கார்லோஸ் வெலா 2005-ல் 17 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையை மெக்சிகோவுக்கு வென்று கொடுத்து, அதிலேயே அதிக கோல் அடித்தவர், உடனே ஆர்சனல் எடுத்தது, இங்கிலாந்து வேலை அனுமதி கிடைக்கவில்லை, ஸ்பெயினில் லோன் மேல் லோன், 2008-ல் லண்டன் வந்தபோது முன்னால் அடெபயோர், வான் பெர்சி, பென்ட்னர். ராவுல் 2014-ல் அமெரிக்கா கிளப்பிலிருந்து அத்லெடிகோ மாட்ரிட்: முன்னால் மான்ட்ஜுகிச், கிரீஸ்மன். சீசன் முழுக்க லீகில் 1 கோல். 2013-ல் பனாமாவுக்கு எதிராகத் தலைகீழாகப் பறந்து அடித்த கோலால் மெக்சிகோவின் உலகக் கோப்பை வாய்ப்பையே காப்பாற்றியவர் இவர், திறமைக் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

"அப்போ ஹூகோ சான்செஸ்?" என்று கேட்பீர்கள். கேட்டே ஆக வேண்டும். ஸ்பானிய லீகில் அதிக கோல் அடித்தவருக்கான பிச்சிச்சி விருது ஐந்து முறை, ரியல் மாட்ரிட்டோடு தொடர்ந்து ஐந்து லீக் பட்டம், 1989-90-ல் 38 கோல், அந்த 38-ம் ஒரே தொடுதலில் அடித்தவை என்பார்கள், ஸ்பானிய லீகான லா லீகாவில் மொத்தம் 234. ஆனால் அவர் நேராக ரியல் மாட்ரிட்டுக்குப் போகவில்லை. மெக்சிகோவில் பூமாஸ் கிளப்பில் கபின்யோ என்ற பிரேசில்காரர் கோல் மழை பொழிந்துகொண்டிருந்த காலத்தில், கோடையில் சான் டியாகோவுக்கு லோனில் போய் ஆடினார். 1981-ல் அத்லெடிகோ. அங்கே முதல் பிச்சிச்சி வாங்கியது நாலாவது சீசனில், 19 கோலோடு. அதன் பிறகுதான் 1985-ல் ரியல். நடுவில் பல் மருத்துவப் படிப்பையும் முடித்திருக்கிறார், இது எதற்கும் சம்பந்தம் இல்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹூகோவை நேரடி வழிக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்கள் உண்மையில் மூன்றாம் வழிக்குத்தான் வக்காலத்து வாங்குகிறார்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஸ்பெயினில் ஐரோப்பியர் அல்லாதவருக்கு ஒரு அணியில் மிகச் சில இடங்களே, இங்கிலாந்தில் வேலை அனுமதிக்குப் புள்ளிக் கணக்கு. ஸ்பெயினில் ஒரு சலுகை: லத்தீன் அமெரிக்கர்கள் இரண்டு வருஷம் சட்டப்படி வசித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். அந்த இரண்டு வருஷம் கிளப் உங்களை வைத்திருக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

யாருக்கு சரி: அங்கே நிற்பவருக்கு 31, 32 வயது ஆகி, அவருடைய கான்ட்ராக்ட் முடியப்போகிறது என்றால். வேறு யாருக்கும் நான் சொல்ல மாட்டேன்.

## வழி 3: நடுப்படி

சாந்தி அர்ஜென்டினாவில் பிறந்தவர், அப்பா "சாக்கோ" ஹிமெனெஸ் மெக்சிகோவின் க்ரூஸ் அசுல் கிளப்பின் பெரிய பெயர், பையன் அதே கிளப்பில் வளர்ந்து 2022 கோடையில், 21 வயதில், ஃபெயனூர்டுக்குப் போனார். சரியாக நம் கேள்வியில் வருகிற ஆள். போனவுடன் ஆரம்ப பதினொன்றில் இடமில்லை, முன்னால் டனிலோ என்ற பிரேசில் பையன். ஆனால் டனிலோ பெரிய மலை இல்லை, தாண்டக்கூடிய வரப்புதான். சில மாதங்களில் தாண்டினார். லீகில் 15 கோல், நெதர்லாந்துப் பட்டம். அடுத்த சீசன் லீகில் 23, அதோடு நெதர்லாந்துக் கோப்பை.

ராவுலும் அத்லெடிகோவில் சூடுபட்ட பிறகு இதே வழிக்குத்தான் திரும்பினார், 2015-ல் போர்ச்சுகலின் பென்ஃபிகா. அங்கேயும் முன்னால் ஜோனாஸ், மித்ரோக்லூ என்று ஆட்கள் இருந்தார்கள், முழு நேர இடம் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு லீக் பட்டம், சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் பயர்ன் மியூனிக்குக்கு எதிராக ஒரு கோல், எல்லாவற்றுக்கும் மேலாகப் போர்ச்சுகீசிய மொழி. 2018-ல் இங்கிலாந்தின் வுல்வ்ஸுக்கு லோனில் போனபோது கோச் நூனோவிலிருந்து அணியில் பாதிப் பேர் போர்ச்சுகல்காரர்கள், பேச்சு எல்லாம் போர்ச்சுகீசியத்தில். இங்கிலாந்துக்குள் ஒரு குட்டி லிஸ்பன். இங்கே ஒன்பதாம் நம்பர் அவருக்கே, வலதுபுறம் அடாமா த்ராவோரே ஓடி வந்து கிராஸ் போட, இவர் தலையை வைக்க, 2019-20-ல் பிரீமியர் லீகில் 17 கோல். லோனில் வந்தவரை 30 மில்லியன் பவுண்டு கொடுத்து வாங்கிக்கொண்டார்கள்.

2020 நவம்பர் 29. ஆர்சனல் ஆட்டத்தில் டேவிட் லூயிஸோடு மோதி மண்டை ஓடு பிளந்தது. மாதக்கணக்கில் ஆட்டமே இல்லை, திரும்பியபோது தலையில் பட்டையோடு வந்தார். கோல்கள் குறைந்தன, கிளப் காத்திருந்தது. கோல் அடித்துக் கொடுத்து இடம் பிடித்திருந்த கிளப் என்பதால் அந்தப் பொறுமை கிடைத்தது என்றுதான் நான் நினைக்கிறேன். பெஞ்சில் இருக்கிறவருக்கு இதே காயம் பட்டிருந்தால் அடுத்த ட்ரான்ஸ்ஃபர் ஜன்னலிலேயே ஆளை மாற்றியிருப்பார்கள். அப்புறம் ஃபுல்ஹாம் போய், 2024-25-ல் பிரீமியர் லீகில் 12 கோல், 2025-ல் வட, மத்திய அமெரிக்க நாடுகளின் கான்ககாஃப் நேஷன்ஸ் லீக் இறுதியில் பனாமாவுக்கு எதிராக மெக்சிகோவின் இரண்டு கோல்களும் அவருடையவை, அதே வருஷம் அந்த வட்டாரத்தின் கோப்பையான கோல்டு கப் இறுதியிலும் அமெரிக்க நாட்டு அணிக்கு எதிராக ஒன்று.

மறைந்திருக்கும் செலவு. இந்த வழியை நான் விரும்புகிறேன் என்பதால் குறையை மறைக்கக் கூடாது. நெதர்லாந்துக் கோல்களுக்குத் தள்ளுபடி விலைதான். அங்குள்ள பி.எஸ்.வி. கிளப்பில் 2003-04 சீசனில் 31 அடித்த கெஸ்மன் செல்சி போய் லீகில் 4 அடித்தார். அதே லீகில் 35 அடித்த சுவாரெஸ் உலகின் பெரிய ஸ்ட்ரைக்கர்களில் ஒருவரானார். ஆக அந்த எண்ணிக்கையை வைத்து மட்டும் வாங்குகிறவரும் தெளிவாக முடிவெடுக்க முடியாது, போகிறவரும் தன்னைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ள முடியாது. அப்புறம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவருக்கு நெதர்லாந்தில் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு, லீகின் சராசரியில் ஒன்றரை மடங்கு. கேட்க இனிப்பாக இருக்கும், ஆனால் சின்ன கிளப்புகளால் அதைக் கொடுக்க முடியாது. நடைமுறையில் உங்களுக்குத் திறந்திருப்பது அங்கே பெரிய மூன்று நாலு கிளப்புகள்தான்.

தேசிய அணிக்கும் இது உத்தரவாதம் இல்லை. 2022 உலகக் கோப்பைக்கு முன் சாந்தி ஃபெயனூர்டில் கோல் அடித்துக்கொண்டுதான் இருந்தார். கோச் மார்ட்டினோ அழைத்தது ராவுல், ஹென்றி மார்ட்டின், ஃபூனெஸ் மோரி. காயத்திலிருந்து வந்துகொண்டிருந்த ஒருவர், வீட்டில் இருந்த இருவர். மெக்சிகோ முதல் சுற்றிலேயே வெளியேறியது. எட்டு மாதம் கழித்து கோல்டு கப் இறுதியில் பனாமாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில் வெற்றிக் கோல் அடித்தது யார் என்று சொல்லத் தேவையில்லை.

யாருக்கு சரி: 20 முதல் 23 வயதுக்குள், வீட்டில் ஓரளவு நிரூபித்துவிட்டு, சம்பளத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பவருக்கு.

## வழி 4: வடக்கே

எம்.எல்.எஸ்.ஸைக் கிண்டல் செய்வது நம்மவர்களுக்குப் பழக்கம், எனக்கும்தான். ஆனால் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மெக்சிகோ ஸ்ட்ரைக்கருக்கு அது வெளிநாடே இல்லை. ஸ்பானிய மொழி தெருவெல்லாம், ரசிகர்கள் மெக்சிகோ வம்சாவளி, தேசிய அணியின் நட்பு ஆட்டங்களே பாதி அங்கேதான் நடக்கின்றன.

வெலா 2018-ல் எல்.ஏ.எஃப்.சி.க்குப் போனார், 2019-ல் ஒரே சீசனில் 34 கோல், லீக் சாதனை, அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர். கால்பந்தைவிடக் கூடைப்பந்து தனக்குப் பிடிக்கும் என்று வெளிப்படையாகச் சொன்ன மனிதர், 2014 உலகக் கோப்பைக்கே வர மாட்டேன் என்றவர். அவருக்கு இந்த ஊர் பொருந்தியது. சிச்சாரித்தோ 2020-ல் எல்.ஏ. கேலக்ஸி போய் முதல் வருஷம் 2 கோல் என்று திணறி, பிறகு 17, 18 என்று எழுந்தார், 2023-ல் முழங்கால் கிழிந்தது, 2024-ல் சிவாஸுக்கே திரும்பினார்.

கவனித்தீர்களா, இருவரும் 28, 31 வயதில் போனவர்கள். ஐரோப்பாவை முடித்துவிட்டு. அணிக்கு மூன்றே பேருக்குத்தான் உச்சவரம்பைத் தாண்டிய சம்பளம் தரலாம் என்பது அங்கே விதி, அந்த மூன்றில் ஒருவராகப் போனால் ராஜா, இல்லை என்றால் மெக்சிகோவில் வாங்கியதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆட்டக்காரர் சங்கம் எல்லோருடைய சம்பளத்தையும் பட்டியலாக வெளியிடும், மாமியார் வரைக்கும் தெரிந்துவிடும். விமானப் பயணம், செயற்கைப் புல், முழங்காலுக்கு நல்லதில்லை. 21-ல் அங்கே போனவரை ஐரோப்பாவின் பெரிய கிளப் திரும்பிப் பார்ப்பது, மெக்சிகோவிலிருந்து பார்ப்பதைவிடச் சுலபம் என்று சொல்ல எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

சவுதியை இதோடு சேர்த்தே முடித்துவிடுகிறேன். கொலம்பியாவில் பிறந்து மெக்சிகோக்காரரான ஹூலியன் கின்யோனெஸ் 2024-ல் அல் காதிசியா போனார். அப்போது 27 வயது, பணம், கோலும் வந்தது. 21 வயதுப் பையனுக்கு நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | வீடு | நேராகப் பெரிய கிளப் | நடுப்படி | வடக்கே |
|---|---|---|---|---|
| நிமிடங்கள் | வெளிநாட்டு ஒன்பதாம் நம்பரைப் பொறுத்தது | மிகக் குறைவு | சில மாதம் காத்திருந்தால் கிடைக்கும் | நிறைய |
| பணம் | நல்லது, உடனடி | நல்லது, ஆனால் லோன் ஆபத்து | முதலில் சுமார், பிறகு பெரிது | மூன்றில் ஒருவரானால் மட்டும் |
| அடுத்த படி | வருஷத்துக்கு வருஷம் குறையும் | கீழ்நோக்கியே | இதுதான் இதன் பலம் | எனக்கு நம்பிக்கை இல்லை |
| தேசிய அணி | கோச் கண் முன்னாலேயே | பெயர் இருந்தால் கூப்பிடுவார்கள் | கோச்சின் மனசு | பரவாயில்லை |
| உடம்பும் மனசும் | சுகம் | கஷ்டம் | போர்ச்சுகல் சுலபம், நெதர்லாந்து குளிர் | சுகம், முழங்கால் தவிர |

## சரி, அந்தப் பையனை எங்கே அனுப்ப?

கேம் நண்பருக்கு: போர்ச்சுகல் அல்லது நெதர்லாந்து. பணம் குறைவு என்று பையன் முகம் சுளித்தால் கேமில் ஒரு பட்டனை அழுத்திச் சமாதானம் செய்துகொள்ளுங்கள். ஆனால் அனுப்பும் முன் அந்த கிளப்பின் ஸ்ட்ரைக்கர் பட்டியலைத் திறந்து பாருங்கள். அங்கே 24 வயதில், ஐந்து வருஷ கான்ட்ராக்டில் ஒருவர் இருந்தால் விட்டுவிடுங்கள், பென்ஃபிகாவாக இருந்தாலும் சரி. பையன் சிவாஸில் முதல் பெயராக ஆடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு வருஷம் அங்கேயே விடலாம், நஷ்டம் ஒன்றும் இல்லை.

சிச்சாரித்தோ கேள்விக்கு: ஜெயித்தவர், ஆனால் தப்பான வீட்டில் ரொம்ப நாள் விருந்தாளியாக இருந்தவர். ஒரே வார்த்தையில் இல்லை, மன்னியுங்கள்.

மிலான் கேள்விக்கு. கிளப் தப்பில்லை, பழைய ஸ்ட்ரைக்கர் ஜிரூ போன பிறகு அங்கே ஒன்பதாம் நம்பர் இடம் யாருக்கும் சொந்தமாக இருக்கவில்லை, என் கணக்குப்படியே அது போகக்கூடிய இடம்தான். தப்பு மாதத்தில். சாந்தி போனது 2025 பிப்ரவரியில், சீசன் நடுவில், சரியில்லாத அணியைச் சரிசெய்ய வந்த ஆளாக. போன இரண்டு வாரத்தில் சாம்பியன்ஸ் லீக் நாக் அவுட்டில் எதிரே வந்தது ஃபெயனூர்டே. சான் சீரோவில் முதல் நிமிடத்திலேயே பழைய அணிக்கு எதிராக கோல் அடித்தார், கடைசியில் அடுத்த சுற்றுக்குப் போனது ஃபெயனூர்ட். அவரை எடுத்த காலத்தில் இருந்த கோச் கொன்சைசாவ் மே மாதம் முடியும்போது இல்லை, அலெக்ரி வந்தார், எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து நிரூபிக்க வேண்டி வந்தது. ஜூலையில் போயிருந்தால் வரப்போகிற கோச் யார் என்றாவது தெரிந்திருக்கும், ஒரு முழுப் பயிற்சி முகாம் கிடைத்திருக்கும். ஆகவே கேம் நண்பரே, ஆஃபர் ஜனவரி ஜன்னலில் வந்தால் கோடை வரை பொறுக்கச் சொல்லிப் பாருங்கள், பொறுக்க மாட்டோம் என்றால் அவர்களுடைய முதல் ஸ்ட்ரைக்கருக்கு எத்தனை வாரக் காயம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.